கஞ்சி போட்ட பவுண்டு

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஷாஜி அந்தச் சின்ன விளக்கைப் போட்டான். கள்ள ஐந்நூறு ரூபாயைக் கண்டுபிடிக்க மட்டாஞ்சேரி பஜாரில் எல்லாக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலும் இருக்கிற விளக்குதான். ஊதா வெளிச்சம் மேசைமேல் விழுந்தது. அங்கே கிடந்த அயர்லாந்து ஒரு பவுண்டு நோட்டு டியூப்லைட் மாதிரி எரிந்தது.

"பார்த்தோ சாரே?" என்றான் ஷாஜி. "நோட்டுல போட்டிருக்கிற வருஷம் 1931. இப்படி மின்னுற மருந்தைக் காகிதத்துல கலக்க ஆரம்பிச்சதே 1950க்கு அப்புறம். பின்னே இது எப்படி மின்னும்?"

பாண்டித்துரை நோட்டின்மேல் குனிந்தார். துப்பறியும் தொழிலுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. மனைவி இறந்து பதினோரு மாதம். இந்தப் பதினோரு மாதமாக அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அவருடைய ஆபீஸ் ஒரு சுக்கு கோடவுனின் மாடியில் இருந்தது. ஏறி வருகிறவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். அவருக்கு இப்போதெல்லாம் தும்மல்கூட வருவதில்லை.

நேற்றுக் காலை அந்தப் படியில் தும்மாமல் ஏறி வந்த ஒரே ஆள் மாயம்மாள். ஐம்பத்தாறு வயது. வெளி என்கிற இடத்தில் இருக்கும் டோபிகானாவில், சலவைத்துறையில், இஸ்திரி போடுகிறவள். கணவன் பிச்சுமணி போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். போவதற்கு ஒரு வாரம் முன்னால், 'எங்கப்பன் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டனுக்குத் துணி வெளுத்தப்ப குடுத்தது' என்று சொல்லி இந்த நோட்டை அவள் கையில் கொடுத்திருக்கிறான். அவள் அதை நாணயக்கடை ஷாஜியிடம் கொண்டுபோனாள். ஷாஜி இணையத்தில் ஏலத்துக்கு விட்டான்.

"ஐம்பது பவுண்டுல தொடங்கினேன் சாரே. நாலு நாளில் அறுநூற்றி இருபது," என்றான் ஷாஜி. "எட்டு பேங்க்காரர்கள் ஒரே மாதிரி நோட்டு அடிச்சிருக்காங்க. ரெண்டு குதிரை, ஏர் உழுற ஆளு, எல்லாத்திலயும் அதே படம். பேங்க் பேரு மட்டும் மாறும். இது கொஞ்சமா அடிச்ச பேங்க். அதான் அந்த விலை. பேங்க், தேதி, மடிப்பு. இந்த மூணும்தான் நோட்டோட ஜாதகம். ஒரு மடிப்பு விழுந்தா பாதி விலை போச்சு."

"எனக்கு இருபத்தேழு வயசுலயே நெத்தியில மூணு மடிப்பு," என்றாள் பாண்டித்துரையின் உதவியாள் மஞ்சுஷா. "என்னை ஏலத்துக்கு விட்டா வண்டிக்கூலிகூடத் தேறாது அல்லே?"

ஷாஜி சிரித்தான். பாண்டித்துரை சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதில்லை என்பதற்காக மஞ்சுஷா ஜோக்கை நிறுத்துவதும் இல்லை.

"அப்புறம்?" என்றார் பாண்டித்துரை.

"ஏலம் கேட்ட ஒருத்தர், இந்த விளக்குக்குக் கீழே வெச்சு போட்டோ அனுப்பச் சொன்னார். நான் யோக்கியன், எடுத்து அனுப்பிட்டேன். 'புதுக் காகிதம், போலி'ன்னு எழுதிட்டார். எல்லாரும் ஓடிட்டாங்க. ஏல சைட்டுக்காரன் என் கணக்கையும் ஒரு மாசம் முடக்கிட்டான். அந்தச் சேச்சிகிட்ட 'உங்க புருஷன் வெச்சிருந்தது கள்ளநோட்டு'ன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

மாயம்மாள் பாண்டித்துரையிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "அவரு கள்ளநோட்டு வச்சிருக்கிற ஆள் இல்ல சாரே. டோபிகானா முழுக்கப் பேசுறாங்க. இல்லைன்னு எழுதிக் குடுங்க, போதும்," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பாண்டித்துரை நோட்டை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு வெளியே குனிந்து போனார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். காகிதத்துக்குள்ளே ஒரு பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது. மேலே அச்சடித்த முகம் அல்ல. காகிதம் செய்யும்போதே உள்ளே வைத்த முகம். திரும்பி வந்தார்.

"மஞ்சுஷா, உன் துப்பட்டாவை விளக்குக்குக் கீழே நீட்டு."

"விலை சொல்லிட்டு நீட்டணுமா?"

"நீட்டு."

நீட்டினாள். வெள்ளைத் துப்பட்டா நோட்டைவிடப் பிரகாசமாக எரிந்தது. பாண்டித்துரை விளக்கைக் கையில் எடுத்து ஷாஜியின் பக்கம் திருப்பினார். ஷாஜியின் வேட்டி இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நீலமாகப் பற்றிக்கொண்டது.

"ஐயோ, ஷாஜிச்சேட்டனும் கள்ளநோட்டு!" என்றாள் மஞ்சுஷா.

ஷாஜி தன் வேட்டியைக் குனிந்து பார்த்தான். "சோப்புப் பொடி," என்றான் மெதுவாக.

"சோப்புப் பொடிதான்," என்றார் பாண்டித்துரை. "வெள்ளை பளிச்சுன்னு தெரிய அதுல கலக்குற மருந்தும் இதே மாதிரிதான் மின்னும். காகிதம் பழசு. நோட்டு அசல். யாரோ தோச்சிருக்காங்க. தொட்டுப் பாரு, கஞ்சியும் போட்டிருக்கு."

ஷாஜி விரலால் தேய்த்துப் பார்த்தான். தலையில் கைவைத்துக்கொண்டான். "அழகாக்கறதுக்காகக் கழுகிட்டாங்களா! கழுகின நோட்டுன்னா நாலில் ஒரு பங்கு விலை வந்தாலே பெரிசு."

"அழகாக்கறதுக்காக இல்லை," என்றார் பாண்டித்துரை. நோட்டைப் புரட்டி மறுபடி விளக்குக்குக் கீழே வைத்தார். "பின்பக்கம் நல்லா மின்னுது. முன்பக்கம் மங்கல். நடுவுல ஒரு மடிப்புத் தடம். படம் உள்ளே போற மாதிரி ரெண்டா மடிச்சு இருந்தப்பதான் தண்ணிக்குள்ள போயிருக்கு. அழகாக்க நினைக்கிறவன் பிரிச்சுல்ல தோய்ப்பான்?"

மஞ்சுஷாவின் முகத்தில் விளையாட்டு நின்றது. "அப்ப... சட்டைப்பையில இருந்திருக்கு."

"யாரோட சட்டைன்னுதான் தெரியணும்."

வெளி டோபிகானாவில் முறுக்கிய கயிறுகளுக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசை வரிசையாகச் செருகிக் காய்ந்துகொண்டிருந்தன. கொட்டகைக்குள் மாயம்மாள் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தலையணை உறைமேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நோட்டு அசல்தான் அக்கா," என்றார் பாண்டித்துரை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"சில விஷயம் கேக்கணும். இந்த நோட்டை முதல் தடவை எப்பப் பார்த்தீங்க?"

"அவரு கையில குடுத்தப்பதான். ஓட்டு இடுக்குல வச்சிருந்தாராம். முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் நான் பார்த்ததில்ல. ஆம்பளைங்களுக்கு ஒரு இடுக்கு இருக்கும்ல?"

"துணிக்கு என்ன போடுவீங்க?"

"முன்னாடியெல்லாம் கட்டி சோப்பும் காரமும்தான். கடைசியா நீலம். பொடி இங்க வராது, கல்லு வழுக்கும்னு அவரு தொடவே மாட்டார். 2003ல ஹோட்டல் துணி பிடிச்சோம். ஹோட்டல்காரங்களே மூட்டையா பொடி குடுத்தாங்க, அதுலதான் ஊற வைக்கணும்னு. ராத்திரி ஊறும், விடிஞ்சதும் பைகளைத் தடவிப் பார்த்துட்டுக் கல்லுல அடிப்பார்."

"கிடைச்ச சாமான்களை என்ன செய்வார்?"

"திருப்பிக் குடுத்துடுவார். பேனா, சாவி, ஒருக்கா ஒரு தங்க மோதிரம். அவரு அப்படி ஆளு."

"எந்த ஹோட்டல்?"

அவள் பெயரைச் சொன்னாள். சொன்னபோது பெட்டி அரை நொடி துணிமேல் நின்றது. பிறகு ஓடியது. பாண்டித்துரை அதைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மஞ்சுஷா சொன்னாள்: "சார், 2003க்கு முன்னாடி பொடியே இல்ல. ஓட்டு இடுக்குல அறுபது வருஷம் இருந்த நோட்டு எப்படிப் பொடியில ஊறும்? கேப்டன் கதை கப்பலேறிப் போச்சு."

"ஆமா."

"அந்த அம்மாகிட்ட இப்பவே சொல்லிடலாமே?"

"பாதி தெரிஞ்சதை வெச்சு செத்தவனைத் திருடன்னு சொல்லக் கூடாது. வரிசை எண் உன்கிட்ட இருக்குல்ல?"

பேலஸ் ரோட்டில் ஒரு இன்டர்நெட் கஃபே இருந்தது. மணிக்கு இருபது ரூபாய். மலையாளத்தைத் தாளைப் பார்க்காமலே எழுதுகிற மஞ்சுஷா தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆங்கிலத்தில் கணினியோடு சண்டை போட மட்டும் அவளுக்குச் சமமான ஆள் பஜாரில் கிடையாது. முக்கால் மணி நேரம் தேடினாள். பாண்டித்துரைக்கு முன்னால் வைத்த சாயா ஆடை கட்டியது.

"ஏல சைட்டுல நோட்டு வாங்கறவங்க வெறும் படத்தைப் பார்த்து விலை சொல்றதில்ல சார். வாங்கறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்துல போய்ப் பார்க்கறாங்க. பழைய நோட்டு சேர்க்கிறவங்களோட பக்கம். காணாமப் போன நோட்டு, திருட்டுப் போன நோட்டு எல்லாத்தையும் வரிசை எண்ணோட போட்டு வெச்சிருக்காங்க." அவள் சட்டென்று நிறுத்தினாள். "சார்."

பாண்டித்துரை திரைப்பக்கம் சாய்ந்தார்.

டெர்மட் கீனன் என்பவர் எழுதியிருந்தார். தன் தகப்பனார் முதன்முதலில் கூலியாக வாங்கி, செலவழிக்காமல் வைத்திருந்த நோட்டு என்று. அதைக் கூடவே எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது தன் வழக்கம் என்று. 2004 டிசம்பர் 11ஆம் தேதி கொச்சியில் தங்கியிருந்த ஹோட்டலில் அது காணாமல் போயிற்று. கீழே ஹோட்டலின் பெயர், மாயம்மாள் சொன்ன அதே பெயர். வரிசை எண். மஞ்சுஷா தன் சீட்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒவ்வொரு எண்ணாக ஒத்துப்போனது.

"கடைசி வரி படிங்க," என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

'நான் புகார் சொன்னதும் அறையைச் சுத்தம் செய்த பெண்ணை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். தான் எடுக்கவில்லை என்று அவர் என்னிடம் அழுதார். இப்போது யோசித்துப் பார்த்தால், அதை எந்தச் சட்டையில் வைத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அது என்னை உறுத்துகிறது.'

மஞ்சுஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு மாயம்மாளிடம் சொன்னார்கள். பாண்டித்துரை சுற்றி வளைக்கவில்லை. வளைக்கிற திறமை ஒருகாலத்தில் இருந்தது. மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று டாக்டர்கள் பேசியதைக் கேட்டபிறகு அந்தத் திறமைமேல் அவருக்கு மதிப்பு போய்விட்டிருந்தது. நோட்டு அசல் என்றார். ஹோட்டல் விருந்தாளியின் சட்டைப்பையில் வந்தது என்றார். பிச்சுமணி திருப்பிக் கொடுக்கவில்லை என்றார். கீனன் எழுதியதைத் தமிழில் சொன்னார்.

மாயம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அந்த ரூம் கூட்டினவ பேரு எழுதியிருக்காரா?"

"இல்லை அக்கா. ஹோட்டல்ல விசாரிச்சா கிடைக்கும்."

"விசாரிக்க வேண்டாம். கமலாக்ஷி." அவள் மடித்த உறைகளின் விளிம்பை விரலால் நேர்செய்தாள். "என்கூடப் பிறந்தவ. நாங்க துணி எடுக்கிற ஹோட்டல்லதான் அவளையும் வேலைக்குச் சேர்த்துவிட்டோம்."

கொட்டகைக்கு வெளியே யாரோ துணியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சுஷா பாண்டித்துரையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"இப்ப எங்க இருக்காங்க?" என்றார்.

"கும்பளங்கியில. இறால் உரிக்கிற ஷெட்டுல." பிறகு கேட்டாள்: "எழுதிக் குடுங்கன்னு கேட்டேனே. எழுதிக் குடுங்க. நோட்டு அசல்னு. எடுத்தது பிச்சுமணின்னு. மலையாளத்துல எழுதுங்க, இங்க தமிழ் யாரும் படிக்க மாட்டாங்க."

மஞ்சுஷா இஸ்திரி மேசைமேலேயே தாளை வைத்து எழுதினாள். பிச்சுமணியின் பெயர் வந்த இடத்தில் அவள் பேனா தயங்கியது. "எழுது மோளே," என்றாள் மாயம்மாள்.

மூன்று பேரும் பஸ் ஏறிக் கும்பளங்கி போனார்கள். ஷெட்டில் இருபது பெண்கள் ஐஸ் தண்ணீரில் கைவைத்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். கமலாக்ஷி கடைசியில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அக்காவைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. பார்வையைத் திருப்பவும் இல்லை.

மாயம்மாள் தாளை நீட்டினாள். கை ஈரமாக இருந்ததால் கமலாக்ஷி வாங்கவில்லை. மஞ்சுஷா பிடித்துக்கொள்ள, இருந்த இடத்திலிருந்தே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். இன்னும் இரண்டு இறாலை உரித்தாள்.

"அத்தானுக்குத் தெரியுமா, என்னைத்தான் துரத்தினாங்கன்னு?"

"தெரியும்," என்றாள் மாயம்மாள். "நீ அழுதுகிட்டு வீட்டுக்கு வந்தப்ப அவரு உள்ளேதான் இருந்தார்."

"வாசல்ல நின்னு நீதான் என்னைப் போகச் சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன். திருடிக்கு இங்க இடமில்லைன்னு. அவரு ஒண்ணும் சொல்லல. சோறு தின்னுகிட்டிருந்தார். நல்ல மனுசன், மச்சினிச்சின்னாலும் நியாயத்துக்குப் பக்கம்தான் நிக்கிறார்னு நெனச்சேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கைநீட்டி அடிச்சுக்கோ கமலா. நான் நிக்கிறேன்."

கமலாக்ஷி அவளை வெகுநேரம் பார்த்தாள். "கை மரத்துப் போயிருக்குக்கா," என்றாள். "அடிச்சா எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து பலகையில் இடம் விட்டாள். மாயம்மாள் உட்காரவில்லை. போகவும் இல்லை. ஷிஃப்ட் முடிகிறவரை, இரண்டே கால் மணி நேரம், அங்கேயே நின்றாள். பாண்டித்துரை வெளியே காயல்கரையில் மீன் பிடிக்கிற சீனவலைப் பக்கம் போய் நின்றுகொண்டார். வலை இறங்கி ஏறியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்திருந்ததை மஞ்சுஷா சொன்னபிறகுதான் கவனித்தார்.

"காத்து," என்றார்.

"காத்துதான் சார்," என்றாள் அவள்.

கீனனுக்கு மஞ்சுஷா அன்று மாலையே எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. சோப்பில் ஊறிய நோட்டுக்கு ஏலத்தில் என்ன விலை வரும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. தனக்கு அது விற்கிற நோட்டு அல்ல என்று எழுதியிருந்தார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஹோட்டலுக்கும் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். மாயம்மாள் நோட்டைத் தன் கையாலேயே உறையில் போட்டு, தபால் ஆபீசில் ரிஜிஸ்டர் செய்தாள். ஷாஜி கூட வந்து முகவரியைச் சரிபார்த்தான். "அறுநூற்றி இருபது," என்று ஒரே ஒரு தடவை முணுமுணுத்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை கமலாக்ஷி ஹோட்டலின் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். மாயம்மாள் கேட்டுக்கு வெளியே துணி மூட்டையோடு நின்றாள். பாண்டித்துரையும் மஞ்சுஷாவும் கமலாக்ஷியோடு போனார்கள். மேனேஜர் புதியவர், இளைஞர், கீனனின் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"ரொம்ப வருத்தம் சேச்சி. வேலை வேணும்னா நாளைக்கே வரலாம். அதே சம்பளம்னு இல்ல, கூட்டியே தரோம்."

"வேலை வேண்டாம்," என்றாள் கமலாக்ஷி. "இதை ஒட்டணும்."

மஞ்சுஷா மலையாளத்தில் எழுதிய தாளை அவள் மேசைமேல் வைத்தாள். கீழே மாயம்மாளின் கைநாட்டு இருந்தது.

"எங்கே?"

"வேலைக்காரங்க கையெழுத்து போடுற ரிஜிஸ்டருக்கு மேல ஒரு போர்டு இருக்கு. என் போட்டோவ அங்கதான் ஒட்டினீங்க. 'திருட்டுக்காக நீக்கப்பட்டவர்'னு. இதையும் அங்கதான் ஒட்டணும்."

மேனேஜர் பாண்டித்துரையைப் பார்த்தார். பாண்டித்துரை கீனனின் கடிதத்தைப் பார்த்தார். மேனேஜர் எழுந்து குண்டூசிப் பெட்டியை எடுத்தார்.

ரிஜிஸ்டர் அறையில் காலை ஷிஃப்ட் ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஐந்தாறு பேருக்குக் கமலாக்ஷியைத் தெரியும். தாள் போர்டில் ஏறியது. முதலில் நின்றவர் கையெழுத்துப் போடக் குனிந்தார், நிமிர்ந்து படித்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வாரம் இருக்கட்டும்," என்றார் மேனேஜர்.

"என் போட்டோ ஒரு மாசம் இருந்துச்சு," என்றாள் கமலாக்ஷி.

"சரி, ஒரு மாசம்." அவர் பேனாவை எடுத்து, எடுக்க வேண்டிய தேதியைத் தாளின் மூலையில் குறித்தார். கமலாக்ஷி கிட்டே போய் அந்தத் தேதியைப் படித்தாள். விரலால் கணக்குப் போட்டாள்.

"முப்பது நாள் போட்டிருக்கீங்க," என்றாள். "அது டிசம்பர்ல ஒட்டினது. முப்பத்தொண்ணு."

மேனேஜர் தேதியை அடித்துவிட்டு, பக்கத்தில் மறுபடி எழுதினார்.